மார்க்கெட் என்றால் எந்த மார்க்கெட்?

இன்று காலை ஏலக்கூடத்தில் மீன் வாடையை மீறி சென்ட் வாசம் அடித்தது. திரும்பினால், சென்னையிலிருந்து வந்திருக்கும் புது நிதி ஆலோசகர். மடிப்புக் கலையாத சட்டை, கையில் டேப்லெட். உடனே நீதான் நினைவுக்கு வந்தாய். பாலிசி பேசப் போகும் நாளில் பவுடர்கூடப் போட மாட்டாயே. நாம் இருவரும் ஒன்றாக இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலையில் சேர்ந்து, ஒரே பொன்னேரி பஸ்ஸில் வந்து இறங்கிய குப்பம் இது. நீ கண்ணை மூடிய பிறகு தனியாகத்தான் வருகிறேன்.

அவர் செல்வியிடம் பேசிக்கொண்டிருந்தார். இறால் விற்பாளே, அவள்தான். புருஷன் இறந்ததும் படகை விற்றுவிட்டாள். மகளை நர்சிங்கில் சேர்க்க அந்தப் பணம்தான் இருக்கிறது, வேறு நாதியில்லை.

"மார்க்கெட்டைப் பொறுத்துக் கொஞ்சம் ஏறும், இறங்கும். லாங் டெர்ம்ல சூப்பரா வரும். ஓகேவா ஆன்ட்டி?"

"மார்க்கெட்டு ஏறி எறங்கறது எனக்குத் தெரியாதா சார்? கல்யாணம் ஆனதுலேர்ந்து அதுலதான கெடக்குறேன்!"

அவருக்கு ஒரே சந்தோஷம். "அப்போ போன்ல வந்த ஓடிபியைச் சொல்லுங்க."

நான் குறுக்கே புகுந்தேன். "இரு செல்வி. அந்த மார்க்கெட்டு இன்னான்னு சாருக்குச் சொல்லு."

"இன்னாக்கா இது, நம்ம மீன் மார்க்கெட்டுதான். வரத்து ஜாஸ்தியானா வெல எறங்கும். மறுநாள் ஏறிடும். என் பணம் எங்க போவப் போவுது?"

அந்த மனுஷன் சிரித்தார். "சோ க்யூட்" என்றார். அடப்பாவி! ஒருத்தியின் வாழ்க்கையே கைமாறப் போகிறது, அவனுக்குச் சிரிப்பா வருகிறது?

வாடிக்கையாளரின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி என்று இப்போது ஏசி ஹாலில் வைத்து வகுப்பு எடுக்கிறார்கள், தெரியுமா? கண்ணைப் பார், சிரி, உறவு சொல்லிக் கூப்பிடு. அந்த 'ஆன்ட்டி' அங்கே பொறுக்கியதுதான். அவள் என்ன புரிந்துகொண்டாள் என்று கேட்கச் சொல்லி ஒருவனும் கற்றுத் தருவதில்லை. நீ சொல்வாயே, "தலைய ஆட்டினா புரிஞ்சுதுன்னு அர்த்தமாடி? ஐஸ்ல கெடக்குற மீனுகூட கண்ணத் தொறந்துனுதான் கீது."

ஒருமுறை ஒரு பெரியவர் பணக்கட்டோடு உன் எதிரே வந்து நின்றார். "எப்ப வேணும் நைனா இந்தப் பணம்?" என்றுதான் முதலில் கேட்டாய். பொங்கலுக்குப் படகு இன்ஜின் வாங்க வேண்டும் என்றார். "அப்போ எங்கிட்டத் தராத, பாலிசில போட்டா அதுக்குள்ள எடுக்க முடியாது, பேங்க்ல போடு" என்று திருப்பி அனுப்பினாய். மேனேஜர் அத்தனை பேர் முன்னால் உன்னைப் பிழைக்கத் தெரியாதவள் என்றார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

செல்வியிடம் சொன்னேன்: "அது மீன் மார்க்கெட்டு இல்ல. கம்பெனிங்களோட பங்க வாங்கி விக்கிற சந்தை. எறங்கினா மறுநாளே ஏறும்னு இல்ல, வருஷக்கணக்காவும் ஆவலாம்."

அவள் அவரைப் பார்த்தாள். "ஆவணில பீஸ் கட்டணும் சார். அப்போ எறங்கியிருந்தா?"

"கொஞ்சம் வெயிட் பண்ணணும் ஆன்ட்டி."

"காலேஜ்காரன் வெயிட் பண்ணுவானா?"

செல்வி போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். என்னை முறைத்துவிட்டு அவர் கிளம்பிப் போனார்.

அப்புறம் செல்வி என் பக்கம் திரும்பினாள். "நீயும் இந்த மாதிரி ஒண்ணத்தான விக்கற? உன்ன மட்டும் எப்படி நம்பறது?"

சுருக்கென்றது. ஆனால் நியாயமான கேள்வி. நீ இருந்தால் என்ன சொல்வாயோ, அதுதான் என் வாயில் வந்தது. "நம்பாத. கேளு."

கேட்டாள். குடைந்து குடைந்து கேட்டாள். பையைத் திறக்காமலே பதில் சொன்னேன். ஒன்றும் விற்காமல் எழுந்தபோது, "நாளைக்கும் வாக்கா, இன்னும் கேக்கணும்" என்றாள்.

நீ விட்டுப் போனதில் என்னிடம் மிஞ்சியிருப்பது, விற்பதற்கு முன் கேட்க விடும் இந்தப் பழக்கம் ஒன்றுதான். இதை எந்த ஹாலிலும் எவனும் கற்றுத் தர மாட்டான்.