பாண்டியம்மாவுக்குச் சபை சொன்ன தீர்ப்பு

ஜூலை 8, 2002. திங்கள்

ஆடி இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் காத்து. வகுப்பெல்லாம் புழுதி, தகரக் கூரை தடதட. கத்திக் கத்தித் தொண்டை போச்சு.

நூல் மில்லிலும் பூட்டுப் பட்டறையிலும் இருந்து மீட்ட பிள்ளைகளை ஒரே வருஷத்தில் பெரிய பள்ளிக்கூடத்துக்குத் தயார் செய்யணுமாம். முதலில் உட்காரட்டும்!

பாண்டியம்மா மறுபடி கடித்துவிட்டாள். பக்கத்தில் உட்காரும் ஸ்டெல்லாவின் மணிக்கட்டில் பல் தடம்.

"ஏன்டி கடிச்ச?"

"பின்னாடி வந்து தொட்டா டீச்சர். மில்லுல மேஸ்திரி அப்படித்தான் வந்து மண்டைல கொட்டுவான்."

வாங்க வேண்டியது: சாக்பீஸ், பஞ்சு, டெட்டால், எனக்குத் தலைவலி மாத்திரை.

ஜூலை 10, புதன்

பொறுப்பாளர் சகாயம் சார் புலம்பல். "இம்புட்டுச் சத்தம் ஆகாது டீச்சர். ஒரு பிரம்பு வச்சுக்கங்க." மாட்டேன் என்றேன். இங்கே அடி கிடையாது. தப்புக்கு வெள்ளிக்கிழமை பிள்ளைகளே சபை கூடித் தீர்ப்புச் சொல்வார்கள், டீச்சரும் கட்டுப்படணும். நான் போட்ட விதி. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

பாண்டியம்மா முதன்முதலாக ஒரு முழு வரி. 'என் பெயர் பாண்டியம்மா.' எழுதிவிட்டுச் சிரித்தாள். பாவி மகள், அழ வைத்துவிட்டாள்.

ஜூலை 12, வெள்ளி

சபை. பாண்டியம்மா கடித்த வழக்கு. மிஞ்சிப் போனால் மன்னிப்புக் கேட்கச் சொல்வார்கள், முற்றம் பெருக்கச் சொல்வார்கள் என்று நினைத்தேன். பூட்டுப் பட்டறையில் இருந்து வந்த ஒரு பையன் எழுந்தான்.

"வேலைய விட்டு நிப்பாட்டுங்க டீச்சர்."

"ஏலே, இது பள்ளிக்கூடம்டா."

"அப்ப பள்ளிக்கூடத்த விட்டு நிப்பாட்டுங்க."

ஸ்டெல்லா தவிர எல்லாரும் கை தூக்கினார்கள். பட்டறையில் பார்த்த நியாயம் அதுதானே, வேறு என்ன தெரியும்? எனக்கல்லவா புத்தி இருந்திருக்கணும்.

"நாங்க சொல்றதுதான் முடிவுன்னு நீங்கதான சொன்னீக?"

ஒரு வாரம் மட்டும் என்று கெஞ்சிக் குறைத்தேன். பாண்டியம்மா அழவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 15, திங்கள்

ஒரு வாரம்தான் என்று அவள் அம்மாவிடம் அன்றைக்கே சொல்லியிருக்கணும். தலைவலி என்று படுத்துக் கிடந்தேன். இன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். சின்னாளப்பட்டி பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை.

"காலைலயே மில்லு வேன்ல ஏறிட்டாளே டீச்சர். நீங்கதான வேணாம்னு அனுப்பிட்டீக?"

ஜூலை 18, வியாழன்

தொழிலாளர் அதிகாரியிடம் புகார் சொன்னேன். மில்லில் அவளுக்குப் பதினைந்து வயது என்று சர்டிபிகேட் இருக்கிறதாம். பன்னிரண்டுதான் ஆகிறது.

மில் வாசலில் காத்திருந்தேன். ஷிப்ட் முடிந்து வந்தாள், தலையெல்லாம் பஞ்சு. "வா தாயி, சபைகிட்ட நான் பேசிக்கிறேன்."

"வரல டீச்சர். இங்க மண்டைல கொட்டத்தான் செய்வாக. போன்னு சொல்ல மாட்டாக."

வேன்காரன் ஹாரன் அடித்தான். ஏறிவிட்டாள்.

ஜூலை 19, வெள்ளி

சபை கூட்டவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. வகுப்பில் மூச்சுச் சத்தம்கூடக் கிடையாது, எல்லாரும் கை கட்டி. சகாயம் சார் எட்டிப் பார்த்து, "இப்பத்தான் டீச்சர் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு" என்றார்.

சின்னவள் மும்தாஜ் சிலேட்டைக் கீழே போட்டு உடைத்தாள். துண்டுகளைப் பாவாடையில் அள்ளிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"கை தவறிருச்சு டீச்சர். என்னைய அனுப்பிறாதீக."