டெம்பரரிலி என்ற சொல்

13-6-1966, திங்கள்

இன்று மகள் பத்மா கேட்ட கேள்வி இன்னும் காதிலேயே நிற்கிறது.

சீயமங்கலத்துப் புருஷன் வீட்டிலிருந்து டிரங்குப் பெட்டியோடு அவள் வந்து ஒரு வருடமாகிறது. போன வருடம் ரேஷன் கார்டில் அவள் பெயரைச் சேர்க்க ஆங்கிலத்தில் மனு எழுதியபோது, ‘டெம்பரரிலி’ தங்கியிருக்கிறாள் என்றே எழுதினேன். பெட்டிக் கயிற்றைக்கூட, புடவை எடுத்ததும் மறுபடி கட்டச் சொல்வேன். திரும்பிப் போகிற பெண்தானே என்று.

இன்று கார்டைப் புதுப்பிக்கப் புது மனு எழுதும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

“இந்த வார்த்தைக்கு இன்னா அர்த்தம் நைனா?”

“கொஞ்ச நாளைக்குன்னு அர்த்தம்மா.”

“எத்தினி நாளு?”

இருபது வருடம் ஆங்கிலம் நடத்திய வாத்தியார் நான். பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

“அவரு வேற பொண்ண கட்டிக்கினு ஆறு மாசம் ஆவுது. அந்த வார்த்தைய அடிச்சுடு நைனா.”

எனக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது என்று நினைத்து, இத்தனை நாளும் மறைத்து வைத்திருந்தேன்.

அடித்துவிட்டேன். பேனா அந்த இடத்தில் காகிதத்தைக் கிழித்துவிட்டது.

சாயங்காலம் கொல்லைக்குப் போனேன். அவளுடைய புடவைகள் எல்லாம் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. கொடி புதிதாக இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், பெட்டிக் கயிறு.