ஒரே அளவில் ஆறு மாட்டுமணிகள்

இஞ்சருங்கோ, உங்கள் பெரியக்காவின் மாட்டுமணியைப் போன மாதம் வெஸ்ட் ஈலிங்கில் பழைய சாமான் விற்கிற ஒரு சரிட்டி கடையில் கண்டேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு, மழைக்கு ஒதுங்க உள்ளே நுழைந்தேன். யாரோ கொடுத்த தேநீர்க் கோப்பைகளுக்கும் காதில்லாத ஒரு நாய்ப் பொம்மைக்கும் நடுவில் இருந்தது. சிவப்பு நாடா கசங்கவேயில்லை. தூக்கி உள்பக்கம் பார்த்தேன். நீங்கள் ஒட்டிய துண்டு, உங்கள் கையெழுத்து: ‘பெரியக்கா’. மாறிப் போகக் கூடாதென்று ஆறுக்கும் பெயர் எழுதி ஒட்டினீர்களே, அதுதான். நான் அதை வாங்கவில்லை. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மழையென்றும் பாராமல் வெளியே வந்தேன்.

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. செத்தவரோடு கோபிக்கக் கூடாது என்கிறார்கள். சொல்கிறவர்களில் ஒருவரும் உங்களோடு காரில் சுவிஸுக்குப் போனவர்கள் இல்லை.

ஹவுன்ஸ்லோவில் விடிய வெள்ளன வெளிக்கிட்டோம். மடியில் புளிச்சோற்றுப் பெட்டியோடு நான் உங்களுக்குப் பக்கத்தில். காலமெல்லாம் விமான நிலையத்தில் ஊராரின் பெட்டிகளை ஏற்றி இறக்கிய மனிதர், முதல்முறையாக என்னை இடம் பார்க்கக் கூட்டிப் போகிறார் என்று பூரித்துப் போயிருந்தேன். பெரிய நகரம் ஒன்றும் நான் கேட்கவில்லை. மலைகளுக்கு நடுவில் ஒரு ஏரி, அதில் கிராமம் கிராமமாக நின்று போகும் ஒரு படகு. படத்தில் பார்த்து ஆசைப்பட்டது. “எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். அந்தப் படகில உங்களோட ஒருக்காப் போனாக் காணும்” என்றேன். “அதுக்கென்ன, போவம்” என்றீர்கள்.

போகிற வழியில் பிரான்ஸ் கிராமங்களில் நாங்கள் எதைப் பார்த்தோம்? பார்க்க எவ்வளவோ இருந்தது. மரச்சட்டம் வைத்துக் கட்டிய வீடுகள், ஜன்னல் நிறையப் பூக்கள், தெருவிலேயே கதிரை போட்டுச் சாப்பிடுகிற சனங்கள். கார் ஊருக்குள் நுழைந்ததும் எல்லாரும் தேவாலயக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் கடையைத் தேடுவீர்கள். பயணம் போனால் சகோதரங்களிடம் வெறுங்கையோடு திரும்பக் கூடாது, அது எங்கள் ஆட்களின் வழக்கம், ஒத்துக்கொள்கிறேன். உங்களுக்கோ ஆறு பேருக்கும் ஒன்று போலவே இருக்க வேண்டும். ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால் கனடாவில் தொடங்குகிற கதை ஹரோவில் வந்து வெடிக்கும். உங்கள் தம்பியின் மனைவி, தனக்கு வந்த சேலையின் கரையை மற்றவளின் சேலையோடு வைத்து அளந்த கதையை நானும் மறக்கவில்லை.

அந்த ஏரிக்கரையில், படகு வர நேரமிருந்தபோது, மாட்டுமணியைக் கண்டீர்கள். எங்கள் சொந்தத்தில் ஒருவரிடமும் மாடு இல்லை. அதையும் சொன்னேன். கடையில் ஒரே அளவில் நாலுதான் இருந்தன. அடுத்த ஊர்க் கடையில் இருக்கும் என்று கடைக்காரி சொன்னாள். “ஓடிப் போய் வாறன், நீர் இதில நில்லும்” என்றீர்கள். நின்றேன். படகு வந்தது, ஆட்களை இறக்கியது, ஏற்றியது, போனது. அன்றைக்கு அதுதான் கடைசிப் படகு. நீங்கள் திரும்பி வந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு. “ரெண்டும் கிடைச்சிட்டுது. நாடாகூட அதே சிவப்பு.”

“படகு போயிட்டுது” என்றேன்.

“அடுத்த வருசம் வருவம்.”

“எல்லாருக்கும் வாங்கினியள். எனக்கு?”

“உமக்கென்ன, நீர் என்னோடதானே இருக்கிறீர்.”

அதை நீங்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கொதித்தது. லண்டன் வரைக்கும், ஒவ்வொரு வளைவிலும், டிக்கிக்குள் ஆறு மாடு நடந்தது. நான் வாயே திறக்கவில்லை. எனக்குக் கார் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து வழியில் இஞ்சி மிட்டாய் வாங்கித் தந்தீர்கள்.

அடுத்த வருடம் நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தீர்கள். நீங்கள் அளந்து அளந்து அன்பு வைத்த ஆட்கள் திராட்சைப்பழத்தோடு வந்தார்கள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள், கார் நிறுத்திய இடத்தைப் பற்றிக் கதைத்தார்கள். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகு பெரியக்கா எனக்கு ஒரு தரம் போன் எடுத்தா. “மச்சாள், என்ர பெரிய சட்டி ஒண்டு உங்கட வீட்டில நிண்டுட்டுது” என்றா. எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. கழுவித் துடைத்து பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த மணியைக் கண்ட அன்றே, ஈரத் தலையோடு இருந்து சுவிஸுக்கு விமான ரிக்கற் போட்டேன். இனி ஒருவருக்காகவும் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விமானத்தில் போய், ரயில் மாறி, அதே ஏரிக்கரைக்குத் தனியே போய்ச் சேர்ந்தேன். படகுக்கும் ரிக்கற் எடுத்தாயிற்று. “அப்பாடா” என்று கரையோர மர வாங்கில் உட்கார்ந்தேன். அது கேட்டு, பக்கத்தில் நின்ற இளம் பெண் திரும்பினாள். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் இருக்கும். கூடவே கணவன்.

“ஆன்ட்டி, தமிழா? எங்க ரெண்டு பேரையும் ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?”

எடுத்துக் கொடுத்தேன். அவள் என்னைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “தனியாவா வந்திருக்கீங்க?” என்றாள்.

ஓம் என்று சொல்ல ஒரு சொல் போதும். என் வாய் வேறு சொன்னது. “இல்லைப் பிள்ளை. அவர் கடைக்குள்ள நிக்கிறார். சகோதரங்களுக்குச் சாமான் வாங்கிறார்.”

“போட் வந்திடுச்சே. அங்கிளைக் கூப்பிடுங்க.”

“அவர் வரமாட்டார். ஆறும் ஒரே மாதிரிக் கிடைக்குமட்டும் வரமாட்டார்.”

அவள் சிரித்தாள். “அப்போ நீங்க எங்ககூட வாங்க ஆன்ட்டி. அவர் அடுத்த போட்ல வரட்டும்.”

எவ்வளவு லேசாகச் சொன்னாள். இத்தனை வருடத்தில் எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று திகைத்து நின்றேன். நாலு அடி வைத்தால் படகு. அவள் கை நீட்டினாள். நான் பின்னுக்கு நகர்ந்தேன்.

“அவரை விட்டிட்டு எப்பிடிப் பிள்ளை போறது?” என்றேன்.

அவர்கள் ஏறிக் கையசைத்தார்கள். படகு கரையை விட்டு விலகியது. நான் ஏரியைப் பார்க்கவில்லை, கடை வாசலைப் பார்த்தபடி நின்றேன். உங்களை விட்டுவிட்டுப் போக எனக்கு இன்னும் ஏலவில்லை. என்னை விட்டுவிட்டுப் போக உங்களுக்கு மட்டும் எப்படி ஏலுமாய் இருந்தது?