சாப்பிட்ட பிறகு பல் விளக்கினேன்

1938, தை மாதம், செவ்வாய்க்கிழமை இரவு. திண்டிவனம், மாமனார் வீடு.

பல் விளக்குவது ஒரு குற்றமா? போன வருஷம் விழுப்புரத்தில் என் கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கிய டாக்டர், மிச்சப் பற்கள் நிலைக்க வேண்டுமானால் இராச் சாப்பாட்டுக்குப் பிறகும் பல் விளக்க வேண்டும் என்றார். அன்றிலிருந்து ஒரு இராத்திரிகூட நான் தவறியதில்லை. இங்கேயும் சாப்பிட்டு முடித்ததும் பிரஷ்ஷும் பல்பொடியுமாகக் கிணற்றடிக்குப் போனேன்.

அதை மாமியார் பார்த்துவிட்டார். இந்த வீட்டில் பல் விளக்கினால் அடுத்தது சாப்பாடுதான். நான் திரும்பி வந்தபோது அணைத்த அடுப்பு மறுபடி எரிந்துகொண்டிருந்தது. இலையும் போட்டாயிற்று.

“மாப்ளைக்கு வயிறு ரொம்பல. சொல்லக் கூச்சப்பட்டுக்கினு மறுபடியும் பல்லு விளக்கிக்கினு வந்துட்டாரு” என்று உள்ளேயிருந்து மாமியாரின் அழுகைக் குரல்.

டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். மாமனார் சிரித்தார். “ராத்திரில எவனாச்சும் பல்லு விளக்குவானா? சும்மா சாப்புடுங்க மாப்ளே.”

என் மனைவிக்கு எல்லாம் தெரியும். அவளும், “அம்மா மனசு கஷ்டப்படுது. ஒண்ணே ஒண்ணு தின்னுடுங்க” என்று வேர்க்கடலையை வெல்லப்பாகில் பிடித்த மல்லாட்டை உருண்டையைக் கையில் வைத்தாள். ஒன்று மூன்றாயிற்று.

இப்போது எல்லாரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். எனக்கோ வெல்லம் பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நாக்கு அங்கேயே போகிறது. பிரஷ் இன்னும் ஈரமாகத் தலைமாட்டில் கிடக்கிறது. எழுந்து போய் விளக்கிவிடலாம்தான். கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டால் மாமியார் மறுபடியும் அடுப்பை மூட்டிவிடுவார்.