பொட்டலத்தில் இருந்தது எது என்று தெரிவிக்கக் கோரி

அனுப்புநர்:
ஆய்வில் பங்கேற்ற பதினேழாம் எண் நோயாளியின் மனைவி,
தையற்கடை, சந்தைக்குப் பின்தெரு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மூலிகை மருந்து ஆய்வு நிலையம்.

பொருள்: நடுக்குவாத நோய்க்கான பூனைக்காலி விதைச் சூரண ஆய்வு – என் கணவருக்குத் தரப்பட்டது எது என அறிய வேண்டுதல் – நான்காம் மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் தையல்காரர். ஐந்து ஆண்டுகளாக அவருக்குக் கை நடுக்கம். சென்ற ஆண்டு தங்கள் ஆய்வில் சேர்ந்தார். தினம் தரும் பொட்டலத்தில் பாதிப் பேருக்குச் சூரணம், மீதிப் பேருக்கு வெறும் மாவு, யாருக்கு எது என்பது முடிவில் தெரிவிக்கப்படும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள்.

2. மூன்றாம் மாதம் ஒரு நாள் கடையிலிருந்து, "இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டார். ஊசியில் தானே நூல் கோத்திருந்தார்.

3. ஆறாம் மாதம் ஆய்வு முடிந்தது, பொட்டலம் நின்றது. சில வாரங்களில் நடுக்கம் பழையபடி வந்துவிட்டது. முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாம் மனுவோடு நேரில் வந்தபோது, "யாருக்கு எதுன்னு பட்டியல் வச்சிருந்த மேடம் மாறுதலாகிப் போயிட்டாங்கம்மா, பீரோ சாவி அவங்ககிட்டதான் இருக்கு" என்றார் எழுத்தர். மூன்றாவது மனு, கோப்பு எண் குறிப்பிடவில்லை என்று திரும்பி வந்தது. அந்த எண்ணைத் தர வேண்டியது தங்கள் அலுவலகம்தான், ஐயா.

4. இதற்குள் என் கணவர் பொறுமை இழந்து, ரயில் பாதை வேலியில் படர்ந்திருந்த பூனைக்காலிக் கொடியிலிருந்து காய்களைப் பறித்து வந்தார். காயின் சுணை பட்டு இரண்டு கையும் தடித்து வீங்கின. அப்படியும் விடாமல் விதையை இடித்து, ஒரு குத்துமதிப்பாக, வழக்கமான மாத்திரையோடு சேர்த்து விழுங்கினார். தலைசுற்றித் தையல் இயந்திரத்தின் மேல் விழுந்ததில் நெற்றியில் நான்கு தையல். "நீங்க பாத்துட்டு சும்மா இருந்தீங்களா?" என்று மருத்துவர் என்னைத்தான் கடிந்துகொண்டார். தெரிந்தவர்கள் வாய் திறக்காததால்தான் தெரியாதவர் இடித்தார் என்று அவரிடம் சொல்லவில்லை. தங்களிடம் சொல்கிறேன்.

5. சூரணம் என்றால் எங்கள் மருத்துவரிடம் காட்டி, கொடுக்கலாமா, எவ்வளவு என்று கேட்போம். மாவு என்றால் கொடியைத் தேடிப் போவதையாவது நிறுத்துவார். "ரெண்டுல எதுவா இருந்தாலும் பரவால்ல, சொல்லச் சொல்லு" என்கிறார். ஒரே ஒரு வார்த்தைதான் கேட்கிறோம்.

வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவரையும் அழைத்து வருகிறேன். தங்கள் அறை இரண்டாம் மாடியில் இருக்கிறது. அவர் படியேறி வர அரை மணி நேரமாவது பிடிக்கும். அதற்குள் யாராவது அந்தப் பட்டியலைத் தேடி எடுத்து வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: தையற்கடை
நாள்: 14, வெள்ளிக்கிழமை

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
தையல்காரரின் மனைவி