பட்டை நீங்கலாக

மார்ச் 3, திங்கள்
ஏரிக்கரை மரங்களின் அறிக்கையைக் கொடுத்தாயிற்று. ஐந்து வாரம் ஏணியும் நானுமாகக் கிடந்தோம். தண்டில் மூன்று ஊசி குத்த வேண்டும். நடு ஊசி சூடு விடும். அந்தச் சூட்டை நீர் எவ்வளவு வேகமாக மேலே கொண்டுபோகிறது என்று மற்ற இரண்டும் சொல்லும். வேகத்தைத் தண்டின் குறுக்குப் பரப்பால் பெருக்கினால், மரம் குடிக்கும் அளவு.

ஒரு மரத்துக்கு நாளொன்றுக்கு நூற்று எழுபது லிட்டர். ஏரி வற்றாமலிருக்க ஏரிப் பொறியாளர் வைத்த வரம்பு நூற்று இருபது. "அப்ப வெட்டிட வேண்டியதுதான்," என்றார். வியாழன் காலை, அறுபத்திரண்டும்.

கணக்கு கணக்குதானே. ஆனாலும் சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 4
மரங்களில் சிவப்புக் குறி போட்டுவிட்டார்கள். அந்தப் பக்கம் போகவில்லை.

மார்ச் 5
சட்டைக்கு அளவு கொடுக்க அண்ணனின் தையல் கடைக்குப் போனேன். காலைக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரோடு நின்றேன்.

"கழட்டுடி. ஸ்வெட்டருக்கும் சேத்தா சட்டை தைக்கணும்?"

பட்டை! மரத்தைச் சுற்றி டேப் பிடித்தேனே, பட்டையைக் கழித்தேனா? இரண்டு விரல் தடிமன். அதில் சொட்டு நீர் ஏறாது. அடிப்பாவி, இது கூடவா மறந்துபோகும்?

அண்ணனின் அளவு நோட்டிலேயே பட்டையைக் கழித்துப் போட்டுப் பார்த்தேன். நூறு. மறுபடி போட்டேன். நூறுதான், வரம்புக்குள்.

சட்டையாவது ஒன்றாவது — நேரே பொறியாளர் அறைக்கு ஓடினேன். "பதினோரு வருஷ அனுபவம்னுதானே உங்களைக் கூப்பிட்டோம்?" வாங்கிக் கட்டிக்கொண்டேன். இனிமேல் கூப்பிட மாட்டார், போகட்டும். அவர் போனை எடுத்து வெட்டும் ஆளிடம், "நாளைக்கு வர வேணாம்பா," என்றபோது அழுதுவிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 6
விடிந்ததும் ஏரிக்கரை. சொல்லியும் யாராவது வந்துவிட்டால்? யாரும் வரவில்லை. பத்து மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்பாடா.

மார்ச் 17
மறு அளவீடு. பொறியாளர் கூப்பிட்டுவிட்டார்! ஆனால் டேப்பின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார்.

"பட்டையக் கழிச்சாச்சா?"

"கழிச்சாச்சு சார்."

ஒவ்வொரு மரத்திலும் கேட்டார். ஒவ்வொரு மரத்திலும் சொன்னேன். வெயில் ஏற ஏற, கருவியின் திரையில் நீரோட்டக் கோடும் ஏறியது. சிவப்புக் குறியோடு நின்று மரங்கள் எல்லாம் குடித்துக்கொண்டிருக்கின்றன. வயிறு முட்டக் குடிக்கட்டும்.