கணவர்கள் இல்லாத ரிசார்ட்

அக்டோபர் 14
கல்லூரியில் வாசிக்க வேண்டிய கட்டுரை பாதியில் நிற்கிறது. அமெரிக்காவின் ஆரம்ப காலத்தில், தென் கரோலினாவில் ஆளுநரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. சட்டமன்ற உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். அம்மாவிடம் சொன்னேன்.

"இதுக்கா அமெரிக்கா வரைக்கும் போன? நம்ம ஊராட்சியில வைஸ் பிரசிடெண்டும் அப்டித்தான்டி."

உண்மைதான். போன வாரம் அம்மா வார்டு மெம்பராக ஜெயித்தாள். துணைத் தலைவரை இனி மெம்பர்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். தானே நிற்க அம்மாவுக்கு ஆசை. என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

அக்டோபர் 19
அந்தப் பதவிக்கு நிற்கும் தசரதன் அண்ணன் வேன் அனுப்பினார். தேர்தல்வரை எல்லா மெம்பர்களும் கடலோரம் ஒரு ரிசார்ட்டில் தங்க வேண்டுமாம். யாரும் அணி மாறிவிடக் கூடாதே! செல்போன் கூடாது. மெம்பர்களின் கணவர்களும் கூடாது. அப்பா இல்லாத வீடு, என் அம்மா ஞானம்மாள் எதிர்த்துப் பேச மாட்டாள் என்று நினைத்திருப்பார்.

அம்மாவும் ஏறிவிட்டாள்.

"நீயுமாம்மா?"

"சும்மா இரு. கடல் பாத்துட்டு வரேன்."

அவ்வளவுதானா? அவள் ஆசை இவ்வளவுதானா?

அக்டோபர் 20
கோபம். கட்டுரை ஒரு வரிகூட ஓடவில்லை.

அக்டோபர் 22
அம்மா ஜெயிச்சுட்டா! அம்மாதான் துணைத் தலைவர்!

ரகசிய ஓட்டு. மெம்பர்களில் பாதிக்கு மேல் பெண்கள். எப்போதும் அவர்களுக்காகக் கணவர்கள்தான் பேசுவார்கள். ரிசார்ட்டில் அப்படிப் பேச யாரும் இல்லை.

"பச்சையம்மா மொத தபா வாயத் தொறந்தா. அப்புறம் எல்லாருமே பேசினாங்க. நம்மள்ல ஒருத்தி நின்னா இன்னான்னு கேட்டாங்க. நான் நிக்கறேன்னேன்."

"தசரதன் அண்ணன் என்ன சொன்னார்?"

"பாவம், அவரே வேன் வச்சு, பிரியாணி போட்டு, எங்கள ஒண்ணா உக்கார வச்சாரு. நல்ல மனுஷன்!"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர்.

நவம்பர் 8
முதல் கூட்டம். ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டேன். கூடவே நுழையப் பார்த்த கணவர்களை அம்மா வாசலில் நிறுத்தினாள். "மெம்பருங்க மட்டும் வாங்க."

அவர்களோடு நானும் வெளியே நின்றேன். உள்ளே தெருவிளக்குக்காகப் பச்சையம்மா அக்கா சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கணவர் பாலு ஜன்னலோரம் வாயைப் பிளந்து நின்றார். "இவளுக்கு இவ்ளோ பேச வருமா?"

பிறகு என்னைப் பார்த்தார். "நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா?"

புது ஆட்களிடம் எனக்குக் குரலே எழும்பாது. இன்று எழும்பியது.

"வைஸ் பிரசிடெண்ட் வீடு."